வேண்டாம் என்றவர்கள்

எங்கள் பாடசாலைப் பொது அறிவுப் போட்டிகளில் விண்வெளி என்றாலே என்ன கேள்விகள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். முதலாவது செய்மதி? 1957, ஸ்புட்னிக். விண்ணுக்குச் சென்ற முதல் மனிதர்? 1961, யூரி ககாரின். முதல் பெண்? 1963, வலன்டினா தெரெஷ்கோவா. சந்திரனில் முதலில் கால் பதித்தவரின் பெயரை ஆறாம் வகுப்புத் தங்கைமாரும் சொல்வார்கள். எல்லாமே வெற்றிகள். தோல்வியைப் பற்றி ஒரு கேள்வியாவது வந்ததாக எனக்கு நினைவில்லை. விண்வெளி வரலாற்றில் நாம் பாதியைத்தான் படிக்கிறோம், அதுவும் இலகுவான பாதியை என்பதே என் கருத்து.

செலஞ்சர் விண்ணோடத்தை எடுத்துக்கொள்வோம். 1986 ஜனவரி 28ஆம் திகதி புளோரிடாவிலிருந்து புறப்பட்டு 73 செக்கன்களில் அது வானிலேயே சிதறியது. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஒருவரான கிறிஸ்டா மெக்கோலிஃப் ஒரு பாடசாலை ஆசிரியை; விண்ணிலிருந்து பாடம் நடத்தப் போனவர். அதனாலேயே அமெரிக்காவில் எத்தனையோ பிள்ளைகள் வகுப்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடி அதைப் பார்க்க நேர்ந்தது.

இதைப் பலரும் விபத்து என்றே எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. விண்ணோடத்தின் பக்கவாட்டில் இருந்த றொக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து பொருத்தப்பட்டவை. பொருத்துகளினூடாகச் சூடான வாயு கசியாமல் தடுத்தவை இறப்பர் வளையங்கள். குளிரில் இறப்பர் விறைத்துப்போகும். நசுங்கினால் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாது. றொக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர் ரொஜர் பொய்ஸ்ஜொலி, இந்த வளையங்கள் பேரழிவில் கொண்டுபோய் விடக்கூடும் என்று 1985 ஜூலையிலேயே தன் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஏவுவதற்கு முதல் நாள் இரவு, தொலைபேசி வழியாக நடந்த கூட்டத்தில் அவரும் சக பொறியியலாளர்களும் மறுபடியும் வாதாடினார்கள். ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பதே அவர்களுடைய கோரிக்கை. மறுநாள் ஏவிய வேளையில் இருந்ததோ ஏறத்தாழ 2 பாகை.

நாசா அதிகாரிகளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. நிறுவனத்தார் சற்று நேரம் தனியே கூடிப் பேசினார்கள். அங்கே ஒரு முகாமையாளரைப் பார்த்து, பொறியியலாளரின் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளரின் தொப்பியை அணியும்படி சொல்லப்பட்டது. முடிவு மாறியது. புளோரிடாவில் இருந்த அலன் மெக்டொனல்ட் என்ற பொறியியலாளர் மட்டும் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட மறுத்துவிட்டார். அவருடைய மேலதிகாரி யூட்டாவிலிருந்து கையொப்பமிட்டுத் தொலைநகலில் அனுப்பினார். அறிவு போதாமல் போன இடமா இது? இல்லை, அறிவு இருந்தது. அதைக் கேட்க ஆள் இருக்கவில்லை.

ஆபத்தை ஏற்காமல் விண்ணுக்குப் போக முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் ஆபத்தை ஏற்க வேண்டியவர்கள் அந்த ஏழு பேர். வளையங்களைப் பற்றி நடந்த வாதம் அவர்களுடைய காதுக்கே எட்டவில்லை. தெரிந்துகொண்டு துணிவது வேறு, தெரியாமல் ஏற்றிவிடப்படுவது வேறு. 1967இல் அப்பலோ 1 ஓடம் தரையில் நடந்த ஒத்திகையின்போதே தீப்பிடித்து மூவர் இறந்தார்கள். அதன்பின் ஓடத்தின் கதவு முதற்கொண்டு மாற்றி அமைத்தார்கள். இரண்டரை வருடத்தில் சந்திரனை அடைந்தார்கள். தோல்வியிடம் பாடம் கேட்ட நிறுவனந்தான் நாசாவும்.

பிறகு அந்தப் பாடத்தை மறந்த நிறுவனமும் அதுவே. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பும்போது எரிபொருள் தாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியியலாளர்கள் கேட்டார்கள். மேலிடம் மறுத்தது. பெப்ரவரி 1ஆம் திகதி, தரையிறங்க ஏறத்தாழ 16 நிமிடம் இருக்கையில் அது வானில் உடைந்தது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில்தான் இருந்தார். நாம் அவருடைய படத்தை ஒட்டி, சாதனைப் பெண் என்று எழுதுகிறோம். அவர் ஏன் வீடு திரும்பவில்லை என்று எழுதுவதில்லை.

இரண்டு அழிவுகளையும் விசாரித்த குழுக்களில் இடம்பெற்றவர் ஒருவரே: விண்ணுக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட். அவர் 1983இல் பறக்கப்போன சமயம், வேலையில் ஏதாவது பிழைத்தால் அழுவீர்களா என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். (அவரோடு போன ஆண்களிடம் கேட்டிருப்பார்களா?) அப்படிக் கேட்கப்பட்டவர்தான் செலஞ்சர் விசாரணையின்போது, குளிரில் வளையம் எப்படி நடந்துகொள்கிறது என்ற விவரமுள்ள தாளொன்றைச் சக உறுப்பினரான ஜெனரல் குட்டினாவிடம் சந்தடியில்லாமல் கொடுத்தார். அவர் அந்த எண்ணத்தைப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் காதில் போட்டார். ஃபைன்மன் எல்லாருக்கும் முன்னால் இறப்பர் துண்டை ஐஸ் தண்ணீரில் இட்டுக் காட்டியதை உலகம் அறியும். தாளைக் கொடுத்தவர் யார் என்பது 2012இல் சாலி ரைட் மறைந்த பின்னரே வெளிவந்தது.

நம் வகுப்புகளில் ஒருத்தி எழுந்து, “மிஸ், இது சரிவராது” என்றால் வாய் காட்டுகிறாள் என்று நாமே முணுமுணுக்கிறோம். பொய்ஸ்ஜொலிக்கும் அதுதான் நடந்தது. விசாரணையில் உண்மையைச் சொன்னதற்காகச் சக ஊழியர்கள் அவரை ஒதுக்கினார்கள். கடைசியில் வேலையையும் விட்டார்.

அடுத்த வருடப் போட்டிக்குக் கேள்வி தயாரிக்கும் தோழிகளிடம் ஒரு வேண்டுகோள். ககாரின் இருக்கட்டும், தெரெஷ்கோவாவும் இருக்கட்டும். அவர்களோடு இதையும் சேருங்கள்: 1986 ஜனவரி 27ஆம் திகதி இரவு கையொப்பமிட மறுத்தவர் யார்?