முற்றத்து மாதுளையும் எமது வியாபாரமும்

கொழும்புப் பழக்கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் சிவந்த மாதுளம்பழம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. அங்கே மாதுளைக்குப் பேர்போன மாநிலம் மகாராஷ்டிரா. மழை குறைந்த சோலாப்பூர் போன்ற இடங்களில்தான் 'பக்வா' இனம் செழிக்கிறது. அப்படியான வரண்ட பூமி புத்தளம், கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணம் என எமக்கும் உண்டு. இருந்தும் எம்மவர் பலரின் முற்றத்தில் மாதுளை நிற்பது பூவின் அழகுக்காகத்தான்.

2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது, இறக்குமதிப் பழத்தை நம்பிய வியாபாரம் ஆட்டங்கண்டதை மறக்க முடியாது. ஆகவே முற்றத்துப் பழத்தைச் சந்தைக்குக் கொண்டுவருவது பற்றி நாம் யோசித்தாக வேண்டும்.

உள்ளூர்ப் பழம் வெடித்தது, புழு விழுந்தது என்று கடைக்காரர் ஒதுக்குகிறார். இரண்டுக்கும் பரிகாரம் உண்டு. மரத்தைக் காயவிட்டுத் திடீரென நிறையத் தண்ணீர் ஊற்றினால் பழம் வெடிக்கும். அளவாக, ஒழுங்காக ஊற்ற வேண்டும். ஒருவகை வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டையிட, அதன் புழு உள்ளே துளைத்துச் செல்கிறது. பிஞ்சு பிடித்ததும் கடதாசிப் பையால் மூடிக் கட்டினால் பெருமளவு தப்பும். பறித்த பின் மாதுளை பழுப்பதில்லை என்பதால் அவசரப்பட்டுப் பிடுங்கவும் கூடாது.

கன்று வாங்கும்போதும் கவனம் தேவை. அடுக்கடுக்காக இதழ் விரியும் அலங்கார இனங்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. விதையில் முளைத்த கன்றில் தாய் மரத்தின் குணம் அப்படியே வருமென்றும் சொல்ல முடியாது. நல்ல மரத்தில் பதி வைத்து எடுத்த கன்றே நம்பிக்கையானது. விவசாயத் திணைக்களத்தின் லங்கா ரெட், மலீ பிங்க் இனங்களைப் பற்றியும் விசாரித்துப் பாருங்கள்.

அல்குர்ஆன் மூன்று இடங்களில் மாதுளையைக் குறிப்பிடுகிறது. அதிலொன்றான அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் வீண்விரயத்தையும் கண்டிக்கிறது. நாமோ தோலைக் குப்பையில் போடுகிறோம். துவர்ப்பான அந்தத் தோல் யூனானி, ஆயுர்வேத மருந்துகளில் வயிற்றோட்டத்துக்குச் சேர்க்கப்படுவது. துணிக்குச் சாயமிடவும் தோல் பதனிடவும் பயன்படுவது. வெடித்த பழத்தைக்கூட உடனே சாறாக்கலாம். ஆனால் வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மை உண்டு. வைத்தியரைக் கேளாமல் யாரும் கைமருந்து செய்ய வேண்டாம்.

இனி வியாபாரிகளாகிய எமது பங்கைச் சொல்கிறேன். பத்துப் பழம் வைத்திருக்கும் விதவைத் தாய் சந்தைக்கு வந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பதும், அதே பழத்தைத் துடைத்து அடுக்கி இரட்டை விலைக்கு விற்பதும் எமக்குப் பழகிவிட்டது. இப்படியிருந்தால் அவர் ஏன் பை கட்டப் போகிறார்? ஊருக்கு ஒரு வியாபாரியாவது தரம் பிரித்து, விலையை முன்கூட்டியே சொல்லி, கைமேல் காசு கொடுத்து வாங்கட்டும். பெரிய தோட்டமும் வங்கிக் கடனும் பிறகு பார்க்கலாம். முதலில் முற்றத்திலுள்ள நாலு மரம் ஒரு குடும்பத்துக்குக் கைச்செலவுக்காவது உதவட்டும். அதற்கு வழிசெய்வது எமது பொறுப்பு.