மாத்திரை மட்டும் போதாது

குழந்தைகளின் குடற்புழுத் தொற்றை ஒழிக்க 2015 பிப்ரவரியில் 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தொடங்கப்பட்ட தேசிய குடற்புழு நீக்க நாள், மறு ஆண்டே நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1 வயது முதல் 19 வயது வரையிலானோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது.

திட்டம் பலன் அளித்திருப்பதை மறுப்பதற்கில்லை. சத்தீஸ்கரில் 2016-ல் 74.6 சதவீதமாக இருந்த தொற்று, 2018-ல் 13.9 சதவீதமாகக் குறைந்ததாக மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. ஆனால், அதே அமைச்சகத்தின் கணக்கில் ஆந்திரத்தின் நிலை வேறு. அங்கு 2016-ல் 36 சதவீதமாக இருந்த தொற்று 2019-ல் 34.3 சதவீதமாகவே இருந்தது. சிக்கிமில் நான்காண்டுகளுக்குப் பின்னரும் பாதிப் பேருக்குத் தொற்று நீடித்தது.

மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையை அழிக்காது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்தில் கை கழுவ நீரும் சோப்பும் இல்லாவிட்டால், சில மாதங்களில் அதே குழந்தைக்கு மீண்டும் தொற்று ஏற்படும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது.

ஊரகப் பகுதிகளில் திறந்தவெளி மலம் கழிப்பது ஒழிந்துவிட்டதாக 2019 அக்டோபர் 2-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்றது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. முந்தைய ஆய்வில் இது 58.6 சதவீதம். இரத்தசோகைக்குக் குடற்புழு மட்டுமே காரணம் அன்று. ஆயினும் ஏழைக் குழந்தைகளிடம் அது முக்கியமான காரணங்களுள் ஒன்று.

இதில் மிகவும் பாதிக்கப்படுவோர் புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் குழந்தைகள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து செங்கல் சூளைகளுக்குக் குடும்பத்துடன் செல்வோர் பல மாதங்கள் அங்கேயே தங்குகின்றனர். பிப்ரவரியில் மாத்திரை வழங்கப்படும்போது குழந்தையின் பெயர் சொந்த ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். குழந்தையோ சூளையில் இருக்கும். பள்ளி செல்லாதோரை அழைத்துவரும் பொறுப்பு ஆஷா பணியாளர்களுக்கு உண்டு. ஆனால், வெளிமாநிலத்தவர் தங்கும் சூளையை யாருடைய எல்லையில் சேர்ப்பது?

இது முடியாத காரியம் அன்று. போலியோ ஒழிப்பின்போது இதே அரசு இயந்திரம் செங்கல் சூளைகளையும் கட்டுமானத் தலங்களையும் நாடோடிக் குடியிருப்புகளையும் பட்டியலிட்டுத் தேடிச் சென்றது. ரயில் நிலையங்களிலும் சொட்டு மருந்து வழங்கியது. 2014 மார்ச்சில் இந்தியா இடம்பெற்ற பிராந்தியம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது.

இன்று தடையாக இருப்பது பொறுப்பின் பிரிவினையே. மாத்திரை சுகாதார அமைச்சகத்திடம்; அங்கன்வாடி மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திடம்; பள்ளி கல்வி அமைச்சகத்திடம்; ஊரகக் கழிப்பறையும் குடிநீரும் ஜல்சக்தி அமைச்சகத்திடம்; சூளைத் தொழிலாளர் நலன் தொழிலாளர் அமைச்சகத்திடம். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்பினால், ஓர் அமைச்சர் தம் துறைக்குரிய பங்குக்கு மட்டுமே பதில் அளிக்கிறார். முழுமையான பதில் எவரிடமும் இல்லை.

ஐந்து அமைச்சகங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரே அறிக்கையை இரு அவைகளிலும் தாக்கல் செய்ய வேண்டும். எத்தனை மாத்திரைகள் வழங்கப்பட்டன என்பதுடன், மாவட்டவாரியாகத் தொற்று எவ்வளவு குறைந்தது, பதிவேட்டில் இல்லாத எத்தனை குழந்தைகள் கண்டறியப்பட்டனர் என்பதையும் அது கூற வேண்டும். வாக்குரிமை இல்லாத இக்குழந்தைகளுக்காக உறுப்பினர்கள்தாம் இதை வற்புறுத்த வேண்டும்.