ஓராண்டுப் படிப்பும் ஏலமலை வீடுகளும்

நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் என்ற வகையில் பொட்டிபுரத்தின் பெயர் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. தொடக்கப்பள்ளி உபாத்தியாயர்களாகிய நமக்கோ அவ்வூரும், போடிநாயக்கனூரைச் சூழ்ந்த மலையடிவாரத்துச் சிற்றூர்களும் பிறிதொரு காரணத்தால் கவனத்துக்குரியவை. காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால், விடியுமுன்னரே ஜீப்பேறிப் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் வேளையில் களைத்துத் திரும்பும் தாய்மார் இப்பக்கத்தில் ஏராளம். ‘வீட்டில் சொல்லிக் கொடுங்கள்’ என்று நாம் வழக்கமாக எழுதியனுப்பும் வாசகம் அவ்வீடுகளில் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதை நாம் சிந்தித்ததுண்டா?

2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 200 வேலைநாட்களும் 800 போதனை மணிகளும் விதித்திருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் பாரம் அந்த 800 மணிகளின் மேலேயே இருக்கிறது. அதை வீட்டின் தலையில் இறக்கிவைக்க நமக்கு நியாயமில்லை. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாதென்று உத்தரவிட்டதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், அந்த ஓராண்டில் தம் பிள்ளை எதைக் கற்கப்போகிறது என்பதை அறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு. நாம் அதிகமாக அசட்டை செய்வது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். முதல் வகுப்பு முடிவில் 99 வரையிலான எண்கள், இரண்டாம் வகுப்பில் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9999 வரை, அத்துடன் நிமிஷத்துக்கு 60 சொற்களையேனும் பொருளுணர்ந்து வாசித்தல் என்று தேசியத் திட்டம் வகுத்துள்ள படிகளை எந்தத் தாய்க்கும் ஐந்து நிமிஷத்தில் விளக்கிவிடலாம். விளக்காமையால், பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்தெழுதும் பிள்ளை படிக்கத் தெரிந்த பிள்ளையென்றே வீட்டில் கருதப்பட்டு, அந்த மயக்கம் மூன்றாம் வகுப்பில்தான் தெளிகிறது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகள், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறதென்று காட்டி, அதற்கேற்பப் போதிக்க ஏற்பட்டவை. சொல்வாரில்லாவிட்டால் வீட்டார் அவற்றைப் பரீட்சைத் தரவரிசையாக எண்ணிச் சஞ்சலப்படுவதில் வியப்பென்ன?

வீட்டிலிருந்து நாம் கேட்கவேண்டியது போதனையன்று, சம்பாஷணை. எழுத்தறியாத தாயும், பிள்ளை வாசிப்பதைப் பத்து நிமிஷம் காதுகொடுத்துக் கேட்டு, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று வினவலாம். பொருளுணர்ந்து வாசிக்கிறதா என்பதை அந்த ஒரு கேள்வியே வெளிப்படுத்திவிடும். கணக்குக்கோ இப்பிரதேசத்தில் பஞ்சமே இல்லை. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோவாகும் கணக்கும், சல்லடையிலிட்டு எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று காயைத் தரம் பிரிக்கும் கணக்கும், வாரக்கூலியில் முன்பணம் கழிக்கும் கணக்கும் பெரியவர்கள் வாயில் நாள்தோறும் புழங்குகின்றன. அவற்றைப் பிள்ளையின் செவியில் படும்படி உரக்கச் சொன்னாலே பெரும் பிரயோஜனமுண்டு. (பிள்ளையைக் காய் பொறுக்க உட்காரவைப்பதற்கு இதை யாரும் சாக்காகக் கொள்ளவேண்டாம்.) வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவோர் தம் பாஷையிலேயே கதை சொல்லட்டும், தமிழ் வாசிப்புக்கு அதனால் ஹானி வராது, சொல்லின் பொருளைத் தேடும் பழக்கமே வளரும்.

இவ்வளவையும் பெற்றோரிடம் சொல்வதற்குப் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் கூட்டினால், வரவேண்டியவர்கள் அப்போது மலைமேல் இருப்பார்கள். ஆகையால், இவ்வாண்டின் முதற் கூட்டத்தை ஜீப்புகள் ஊர் திரும்பிய பிறகு, மாலையில், அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே வைத்துக்கொள்ளுமாறு இப்பகுதி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.