வண்டிக்கடை நமக்குப் பகையல்ல



இரவு கடையைப் பூட்டிவிட்டு இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் நடந்தால் கல்லில் பரோட்டா தட்டும் சத்தம் நம்மை அழைக்கும். சால்னா வாசம் மூக்கைத் துளைக்கும். ஒரு பக்கம் ஆவி பறக்கும் பருத்திப்பால், மறுபக்கம் சுடச்சுடச் சுண்டல். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போகிறவர்களில் பால்கோவா வாங்காமல் திரும்புகிறவர் யார்? நின்றபடி சாப்பிடும் இந்தச் சுகம் பெரிய ஓட்டலில் கிடைப்பதில்லை.

ஆனால் நம்மவர் சிலர், "வண்டிக்கடைகளை எடுக்கச் சொல்லி நகராட்சிக்கு மனுக் கொடுப்போம்" என்கிறார்கள். வாடகையும் வரியும் கட்டுகிறவன் வாசலை வண்டி மறைக்கிறது, எச்சில் இலை படியில் கிடக்கிறது என்ற அவர்கள் குறையில் நியாயம் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினோம். ஒருமுறை நம் தெருவில் வண்டிகளை அப்புறப்படுத்தினார்கள். முதல் நாள் மகிழ்ந்தோம். ஒரு வாரத்தில் தெருவில் வெளிச்சமும் இல்லை, ஆளும் இல்லை. எட்டு மணிக்கே கல்லாவை மூடினோம். நம்மிடம் மைதாவும் எண்ணெயும் பட்டாணியும் ரொக்கத்துக்கு எடுத்தவர்களும் அவர்களே என்பது அப்போதுதான் உறைத்தது.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்று வழங்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. இடத்தையும் நேரத்தையும் பற்றிப் பேச நகர விற்பனைக் குழு உண்டு. அதில் தெருவோர வியாபாரிகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இடம். வணிகர் சங்கங்களுக்கும் இடமுண்டு. மனுக் கொடுப்பதை விட அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது மேல். வாசலை விட்டுத் தள்ளிக் கோடு போடச் சொல்வோம். குப்பைத் தொட்டியும் தண்ணீர்க் குழாயும் கேட்போம். சிங்கப்பூரில் வண்டிக்காரர்களுக்குக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த உணவு மரபை 2020-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

வண்டிக்காரர்களுக்கும் கடமை உண்டு. சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அச்சடித்த தாளில் பலகாரம் மடிக்க வேண்டாம் என்று 2016-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. பழைய பேப்பர் கட்டை அவர்களுக்கு விற்பவர்கள் நம்மிலும் உண்டு. அதை நிறுத்தி வாழையிலை வாங்கச் சொல்வோம்.

பெரிய கடையும் சிறிய வண்டியும் ஒரே தெருவின் இரு கரைகள். அவர்கள் அடுப்பு எரியும் வரைதான் நம் கல்லாவும் நிறையும்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!