பழைய இசைத்தட்டும் ஒலி அளவும்



பரண்மேல் துணியில் சுற்றி வைத்திருக்கும் இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்னும் ஆவல் இப்போது நம் இல்லங்கள் பலவற்றில் காணப்படுகின்றது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அதற்குரிய கருவியை வாங்கி வருகின்றனர். இரண்டு நாட்களில் நாற்பது தட்டுகளையும் பதிந்து முடித்துத் திரும்பிவிடுகின்றனர். தட்டுகள் பழைய பொருள் வாங்குபவரிடம் போய்ச் சேர்கின்றன. பதிவு பழுதானது என்பது அதன் பிறகே தெரிய வருகின்றது. இம்முயற்சியில் எல்லாவற்றினும் அதிகம் கெடுவது ஒலியின் அளவே ஆதலால், இம்மாதம் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். எண்பதைக் கடந்த அத்தாய்க்கு மிகவும் பிரியமானது, மறைந்த கணவர் வாங்கித் தந்த 'கொஞ்சும் சலங்கை' தட்டு. 1962-இல் வெளிவந்த அப்படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையமைப்பில், எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லும் பாடலை அறியாதவர் நம்மில் குறைவு. மகன் அதைப் பதிந்து கைப்பேசியில் போட்டுக் கொடுத்திருந்தார். குரல் இனிமையாகவே வந்தது. நாகசுரம் உயர்ந்தெழுந்தபோதோ, காகிதம் கிழிவது போன்று கரகரத்தது. "சாமி, இது நம்ம வீட்டுத் தட்டு இல்லை" என்றார் தாய். தட்டு தேய்ந்துவிட்டது என்றார் மகன். நல்லவேளையாகத் தட்டு வீட்டிலேயே இருந்தது. அதைச் சுழலவிட்டுக் கேட்டோம். நாகசுரம் தெளிவாக ஒலித்தது. பழுது தட்டில் இல்லை.

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. பதியும்போது குமிழைத் திருகி, அளவுமானியின் முள் சிவப்பைச் சற்றே தொடுமாறு வைப்போம். நாடாவுக்கு இயல்பாகவே உள்ள 'உஸ்' என்னும் இரைச்சலுக்கு மேலே இசை நிற்க வேண்டுமே! ஒலி சற்று மிகுந்தாலும் நாடா அதை மெல்ல மெல்ல நெருக்கித்தான் ஏற்கும். காது அதைப் பொறுத்துக்கொள்ளும். எண்முறைப் பதிவில் அந்தச் சலுகை இல்லை. அங்கே 0 டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் எழும் அலையின் முகடு தட்டையாக வெட்டுண்டு போகும். வெட்டுண்டதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் உள்ளது உள்ளபடி மீட்க இயலாது. ஊகித்து ஒட்டுப்போடலாம், அவ்வளவே. அன்றியும், பழைய முள் அளவுமானி சோம்பேறி. ஏறத்தாழ 300 மில்லி நொடியின் சராசரியைத்தான் அது காட்டும். தவிலின் ஓர் அடி எழுந்து அடங்கிய பின்னரே முள் அசையத் தொடங்கும். கணினியின் அளவுமானி அந்தந்தக் கணத்தின் உச்சத்தைக் காட்டுவது. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பது தவறு.

அப்படியாயின் எவ்வளவு இடம் விட வேண்டும்? மிக உரத்த இடத்தில் உச்சம் கூரைக்குக் கீழே 6 முதல் 12 டெசிபல் வரை நிற்கட்டும். 6 டெசிபல் குறைத்தல் என்பது அலையின் உயரத்தைப் பாதியாக்குவது. பாதியை வீணாக்குவதா என்று தோன்றும். 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி உண்டு. நல்ல நிலையிலுள்ள வினைல் தட்டிலோ அவ்விடைவெளி 70 டெசிபலைத் தாண்டுவது அரிது. ஆகவே பத்து டெசிபலைக் கைவிட்டாலும் தட்டிலுள்ள எதுவும் தொலைவதில்லை. கருவி 24 பிட் தருமாயின் கவலைக்கே இடமில்லை. தட்டில் கீறல் இருந்தால் அதன் 'டிக்' ஓசை இசையைவிட உயர்ந்து எழுவதுண்டு. அதற்கும் அவ்விடம் உதவும்.

பாடலின் தொடக்கத்தைக் கேட்டு அளவை அமைப்பதே பலரும் செய்யும் பிழை. ஜானகியின் குரலுக்கு அமைத்த அளவு நாகசுரத்திற்குப் பொருந்தாது. முதலில் உரத்த இடத்தைத் தேடுங்கள். நெடுந்தட்டாயின் விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். உரத்த பகுதிகளில் பள்ளங்கள் பெரும்பாலும் அகன்று அமைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அவ்விடத்தை ஓடவிட்டு அளவை அமைத்தபின், ஒரு பக்கம் முடியும்வரை குமிழைத் தொடாதீர்கள். இடையிடையே ஏற்றியிறக்கினால் இசைக் கலைஞர் வைத்த ஏற்றத்தாழ்வு நம்முடையதாகிவிடும். கணினியின் மைக் அமைப்புகளில், ஒலியைத் தானே சரிசெய்யும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அதுவும் இதே குறும்பைச் செய்யும்.

இனி அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். மகன் அளவுமானியைக் கவனிக்காதவர் அல்லர். சிவப்பைக் கண்டவுடன் கணினித் திரையில் அளவைக் குறைத்தாராம். அதன் பிறகு சிவப்பே வரவில்லையாம். ஆடாசிட்டி மென்பொருளில் அப்பதிவைத் திறந்து, நாகசுரம் வரும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கூரைக்கு வெகு கீழே, முகடுகள் யாவும் ஒரே உயரத்தில், கத்தியால் சீவியதுபோல் நின்றன. காரணம் இணைப்பில் இருந்தது. காந்த வகைக் காட்ரிட்ஜின் ஊசிமுனை தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மின்னழுத்தமே. முன்பெருக்கி அதைப் பன்மடங்கு பெருக்குகின்றது. தட்டை வெட்டும்போது குறைத்த தாழ்ந்த ஒலிகளையும் கூட்டிய உயர்ந்த ஒலிகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அதுவே. அவர் வாங்கிய பிளேயரினுள்ளேயே முன்பெருக்கி இருந்தது. அவ்வாறு பெருகிய ஒலியை, சில மில்லிவோல்ட்டுக்கென்றே அமைந்த மடிக்கணினியின் மைக் துளையில் செருகியிருந்தார். வாசலிலேயே நசுங்கிய ஒலியை, உள்ளே வந்தபின் குறைத்து என்ன பயன்? திரையில் குறைப்பது இதற்குப் பரிகாரம் அன்று. பிளேயரின் பின்புறம் 'போனோ', 'லைன்' என்னும் விசை இருக்கின்றதா, கம்பி எங்கே செல்கின்றது என்பவற்றை அளவுமானிக்கு முன்பே பார்க்க வேண்டும்.

மறுநாள் அவர் லைன் உள்ளீடு உள்ள சிறிய யு.எஸ்.பி. கருவி ஒன்றை வாங்கி வந்தார். ஊசியைத் துடைத்து, தட்டின் தூசியைப் போக்கி, நாகசுரத்தின் உச்சத்திற்கு அளவை அமைத்துப் பதிந்தோம். உச்சம் கூரைக்கு 8 டெசிபல் கீழே நின்றது. ஒலி சிறிதாக இருக்கின்றதே என்று அவர் தயங்கினார். அதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் பாட்டுக்குப் பாட்டு உயர்த்தாமல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே அளவாக உயர்த்துவதே முறை. இரு தடங்களையும் தனித்தனியே சமப்படுத்தும் தெரிவையும் நீக்கிவிடுங்கள். இல்லையேல் இடமும் வலமும் தட்டில் இருந்தபடி இராமல் மாறிப்போகும். மூலப்பதிவை வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக அப்படியே வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் கைவையுங்கள். கைப்பேசிக்கு அதிலிருந்து எம்.பி.3 செய்துகொள்ளலாம்.

அன்று மாலை தாய் இருமுறை கேட்டார். மற்ற முப்பத்தொன்பது தட்டுகளையும் மறுபடி பதிய மகனுக்கு விடுமுறை போதவில்லை. பெட்டி மீண்டும் பரணுக்குச் சென்றிருக்கின்றது. அவர் அடுத்த ஆண்டு வந்து பதிந்து, தாம் ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கும்வரை அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று தாய் சொல்லிவிட்டார்.