அம்மாவுக்கு வெறும் 'கேஸ்'தானா?



அப்பா நெஞ்சைத் தடவினால் வீடே பதறுகிறது. அம்மா 'முதுகுல என்னமோ பிடிச்ச மாதிரி இருக்கு' என்றால்? தைலத்தைத் தேடுகிறோம். 'நெஞ்சு கரிக்குது' என்றால் ஓமத்தண்ணீர். அவரும் அதைக் குடித்துவிட்டு மாவாட்டப் போய்விடுவார்.

மாரடைப்பு என்றாலே ஆண்களுக்குத்தான் என்று நாமாகவே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி, பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறக்குறைய 9 வருடம் தாமதமாக வருகிறது. தாமதம்தானே தவிர, விலக்கு இல்லை. மாதவிடாய் நின்றபின் ஆபத்து கூடுகிறது. சர்க்கரை நோய் இருந்தால் அதற்கு முன்பே வரலாம்.

பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் சிலருக்கு வலியே தெரியாமல், தாடையில் இழுப்பு, மேல்வயிற்றில் அழுத்தம், குமட்டல், குப்பென்ற வியர்வை என்று வரும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இதுவரை இல்லாத மூச்சிரைப்பு, காரணமே தெரியாத அசதி... இதையெல்லாம் 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடலாமா?

அப்படி ஏதாவது திடீரென வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கர்ப்ப காலத்தில் பிபியோ சர்க்கரையோ ஏறியிருந்ததா? பிரசவத்தோடு சரியாகிவிட்டது என்று அந்த ஃபைலைப் பரணில் போட்டிருப்போம். பல வருடம் கழித்து இதயநோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. பெரும்பாலும் டாக்டர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அடுத்தமுறை போகும்போது சொல்லுங்கள், தோழிகளே.

'நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கிறேனே, தனியா நடக்கணுமா?' என்று பலரும் கேட்கிறார்கள். நடக்கத்தான் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது, கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில். அடுப்படியில் நிற்பது அதற்கு ஈடாகாது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் மிஞ்சிய சோற்றை ஊறுகாய், அப்பளத்தோடு முடித்துக்கொள்ளும் பழக்கமும் மாறியாக வேண்டும். ஒருநாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் அதில் எவ்வளவை எடுத்துக்கொள்ளும்!

இதையெல்லாம் அம்மா மட்டுமே நினைத்தால் நடக்காது. சாயங்காலம் அவர் நடக்கப் போனால் தோசை ஊற்றுவது யார்? அதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

இந்த மாதமே அம்மாவுக்கு பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னால், கூடவே போங்கள். அன்றைய காலை டிபன் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்