திட்டிவாசலைத் திறந்து வைப்பவர்கள்

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிச் சற்று தூரம் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை தென்படும். அகழியும் அடுக்கடுக்கான மதில்களும் கொண்ட உறுதியான கோட்டை. 1751இல் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதியபோது, ஆங்கிலப் படை ஒருபுறமும் பிரெஞ்சுப் படை மறுபுறமுமாக இப்பகுதிக்கு வந்து நின்றன. கோட்டைத் தலைவன் எவருக்கும் பிடிகொடுக்காமல் நாள்களைக் கடத்தினான். கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் மதிலை இடித்து உள்ளே வரவில்லை. அழைக்கப்பட்டு, வாசல் வழியாக வந்தார்கள். ஆங்கிலேயர் தோற்றுத் திருச்சி நோக்கிப் பின்வாங்கினர்.

நம் வீடுகளில் இன்று நடப்பதும் இதுதான். இம்மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கிறார்கள். ஊரில் இருப்பது வயதான தாய் தந்தையர். காவலுக்கென்று கேமரா மாட்டப்படுகிறது. மகன் தோகாவிலிருந்தபடி கைப்பேசியில் வீட்டைப் பார்க்க வேண்டும். இதில் பிழையில்லை. அந்தப் படம் எந்த வழியாக வெளியேறுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

வீட்டு ரவுட்டரில் உள்ள ஃபயர்வால் ஒரு மதில். உள்ளிருந்து வெளியே போன கேள்விக்கு வரும் பதிலை விடும்; அழையாமல் வருவதைத் தடுக்கும். ஆகவே வெளிநாட்டிலிருக்கும் மகனும் அதற்கு அந்நியனே. அவனை உள்ளே விட, கேமரா பொருத்த வருபவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று, ரவுட்டரில் ஒரு போர்ட்டை நிரந்தரமாகத் திறந்து விடுகிறார். சில வேளை அவரும் வேண்டியதில்லை. யுபிஎன்பி என்ற வசதியின் மூலம் கேமராவே ரவுட்டரைக் கேட்டுத் திறந்துகொள்ளும். கோட்டைக் கதவில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு சிறு கதவு இருக்குமே, திட்டிவாசல், அதைப் போன்றது இது. திட்டி என்றால் பார்வை என்றும் பொருள் உண்டு. மகனுக்காகத் திறந்த திட்டிவாசல் மகனை மட்டுமே அடையாளம் காணும் என்று யார் சொன்னது?

"எங்கள் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். உங்களைத் தேர்ந்தெடுத்து யாரும் வருவதில்லை. இணையத்தின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது மனிதரல்லர், நிரல்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியலிடும் ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இயங்குகிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே வைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் அடிமைகொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் முதலான தளங்கள் பல மணிநேரம் முடங்கியதில் இந்தக் காவல் கேமராக்களுக்குப் பங்குண்டு. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் பரிசோதனை அறைக் காட்சிகள் டெலிகிராமில் விற்கப்பட்டது வெளிவந்தது. காவலுக்கென்று வைத்த கண்ணே பெண்களின் மானத்தைச் சந்தைக்குக் கொண்டுபோயிற்று.

இரண்டாவது வழி, கிளவுட். கேமரா தானே நிறுவனத்தின் சர்வரோடு தொடர்புகொள்ளும். மகன் அங்கே போய்ப் பார்ப்பான். ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் இணைப்புகளில் போர்ட் திறக்க இயலாது என்பதால் இதுவே பரவலாகிவிட்டது. மதிலில் ஓட்டை இல்லைதான். ஆனால் சாவிக்கொத்து வேறொருவர் இடுப்பில். 2021 மார்ச்சில் வெர்காடா நிறுவனத்தின் நிர்வாகக் கணக்கு ஒன்று ஊடுருவிகளின் கையில் சிக்கியதும், மருத்துவமனைகளும் சிறைகளும் உட்பட ஏறத்தாழ 1,50,000 கேமராக்கள் அவர்களுக்குத் திறந்தன. ரிங் நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டுக் காட்சிகளைப் பார்த்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடர்ந்த வழக்கு, 2023இல் 58 லட்சம் டாலர் கட்டுவதில் முடிந்தது.

அப்படியானால் கேமராவே வேண்டாமா? அதுவல்ல என் கட்சி. மூன்றாவது வழி இருக்கிறது. வீட்டில் ஒரு விபிஎன் அமைத்துவிட்டால் கேமரா இணையத்துக்கு முகம் காட்ட வேண்டியதே இல்லை. பார்க்க வருபவன் முதலில் வாசலில் தன் சாவியைக் காட்டித் தன்னை மெய்ப்பிக்க வேண்டும். வயர்கார்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்குக் காசும் கிடையாது. இதோடு யுபிஎன்பியை அணைத்துவிட்டு ஆலைக் கடவுச்சொல்லை மாற்றினால், வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அந்த ஒரு மாலைக்குத்தான் நமக்குச் சோம்பல்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. திண்ணையையும் வாசலையும் நோக்க வேண்டிய கேமரா கூடத்துக்குள் வந்தது எப்படி? கூடத்தில் படுத்திருக்கும் தாயிடம், "அம்மா, இதை மாட்டலாமா?" என்று கேட்டவர் எத்தனை பேர்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அவ்வுரிமை அரசிடம் மட்டும் கேட்பதற்கா? தாய்க்கு மகனிடம் அது கிடையாதா? புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வீட்டிலேயே விருந்தாளிபோல் உட்கார்ந்திருக்க வேண்டுமா அவள்?

திருக்குறளில் அரண் என்றொரு அதிகாரம் இருக்கிறது. மதிலின் உயரம், அகலம், திண்மை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உள்ளிருப்பவரிடம் செயல்திறம் இல்லையென்றால் அரணே இல்லை என்று அது முடிகிறது. ரஞ்சன்குடியில் மதில்கள் இன்னும் நிற்கின்றன. வாசலை யாருக்குத் திறந்தோம் என்பதில்தான் அன்றும் இன்றும் எல்லாம் இருக்கிறது.